ஆரஞ்சுக் குருவியும் நோன்புக் கஞ்சியும்

1

"நோன்புப் பெருநாள் மலருக்கு ஒரு கட்டுரை வேணும்மா ராஹிலா," என்று காயல்பட்டினத்திலிருந்து எனக்கு அண்ணன் முறையாகும் மொகுதூம் காக்கா போன் செய்தார். "அமெரிக்காவுல இருந்துக்கிட்டு நோன்பையும் தொழுகையையும் எப்படிக் காப்பாத்துறீங்கன்னு எழுது. நம்ம பிள்ளைங்க படிச்சுப் பெருமைப்படட்டும்."

காக்கா, பெருமைப்படும்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு தடவை ஆரம்பித்து நான்கு தடவையும் கிழித்துப் போட்டேன். எனக்கு எழுத வருவது ஒரு குருவியைப் பற்றியும் ஒரு சட்டிக் கஞ்சியைப் பற்றியும்தான். இரண்டிலும் பெருமைக்கு இடமில்லை. மலருக்குப் பொருந்தாது என்று தோன்றினால் போடாதீர்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வேறு எதையாவது எழுதிக் கொடுத்தால் அது பச்சைப் பொய்யாக இருக்கும். நோன்பு வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய எனக்கு மனசில்லை. ஏற்கெனவே இந்த மாதம் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அதையும் இதிலேயே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர் லேண்ட் என்ற ஊர். வீட்டுக்குப் பின்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தோண்டிய குளம். அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குப் புல். இங்கே எல்லோரும் வாசலில் இருக்கும் புல்லுக்குத்தான் உயிரை விடுவார்கள், பின்னால் இருக்கும் புல்லை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். வேலைக்குப் போக என் விசாவில் அனுமதி இல்லை. மச்சான் ஆபீஸுக்கும் எங்கள் மகள் நஸ்ரீன் ஸ்கூலுக்கும் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை அந்தக் குளம்தான்.

இந்தக் கோடையில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் புல்லின் நுனியில் நெருப்புத் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருக்கும். முதுகும் கழுத்தும் நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. முகமும் வயிறும் கன்னங்கரேலென்று கறுப்பு. திடீரென்று உடம்பை உப்பிக்கொண்டு பந்து மாதிரி ஆனது. அப்புறம் றெக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, ஆனால் நகராமல் நகர்ந்து, கருவண்டு பறப்பதுபோலப் புல்லுக்கு மேலே ஊர்ந்து போனது. கூடவே ஒரு சத்தம், சூடான எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி.

"யா அல்லாஹ், இது என்ன!" என்று தனியாக நின்று கத்தினேன். துணியெல்லாம் கீழே.

2

குருவியை அப்படியே விட்டுவிட்டு இப்போது கஞ்சிக்கு வருகிறேன். இரண்டும் பின்னால் ஒன்றாகச் சேரும்.

நான் காய்ச்சுவது நம்மூர்க் கறிக் கஞ்சி. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, பொடியாகக் கொத்திய ஆட்டுக்கறி, கடைசியில் தேங்காய்ப் பால், புதினா. ஊரில் பள்ளிவாசலுக்குத் தூக்குச் சட்டியைக் கொடுத்து அனுப்பினால் கஞ்சி வந்துவிடும். இங்கே நாமே காய்ச்சினால்தான் உண்டு. ஹலால் கறிக்காக ஹில்கிராஃப்ட் தெருவரைக்கும் ஃப்ரீவேயில் போய் வருவோம். ஒரு துண்டு கறிகூடப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியதில்லை. காக்கா கேட்ட பெருமை வேண்டுமானால் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதல் வருடங்களில் அக்கம்பக்கத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை. 2001 செப்டம்பருக்குப் பிறகுதான் கொடுக்க ஆரம்பித்தோம். நியூயார்க்கில் அந்தக் கட்டடங்கள் விழுந்த பிறகு கடைக்குப் போனால் வரிசையில் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். நான் தலையில் முக்காடு போடுவதை விட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார் மச்சான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அப்புறம் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினோம். எல்லாக் காகிதமும் நகர்ந்தது, நேம் செக் என்ற இடத்தில் மட்டும் நின்றது. மச்சானின் பெயர் முகம்மது என்று தொடங்குகிறது, அவ்வளவுதான் காரணம் என்றார்கள் தெரிந்தவர்கள். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. நேம் செக் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் பாஸ்போர்ட்டுக்கு நடக்கும் போலீஸ் விசாரணைதான். ஏட்டையா வருவார், பக்கத்து வீட்டில் "இவுக எப்படி?" என்று கேட்பார், டீ குடித்துவிட்டுப் போவார். இங்கேயும் யாராவது கோட்டு போட்டுக்கொண்டு வந்து பக்கத்து வீட்டு மணியை அடிப்பார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் உண்மையாகவே நம்பினோம். படித்தவர்கள்தான். மச்சான் எம்.சி.ஏ., நான் பி.எஸ்ஸி.

அதனால் கஞ்சி போனது. எதிர் வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிக்கு. மூலை வீட்டுச் சீனக் குடும்பத்துக்கு. குஜராத்திக் குடும்பம் சைவம் என்பதால் அவர்களுக்குக் கறி போடாமல் தனிச் சட்டியில். அந்தத் தாத்தா அதை "சூப்" என்று சொல்லித் தடவை தவறாமல் பாராட்டுவார். எனக்கு மனசு நிறைந்துவிடும். அடடா, எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வலதுபக்கத்து வீட்டுக்கு ஒரு நைஜீரியக் குடும்பம் வந்தது. அம்மா, அப்பா, நஸ்ரீன் வயதில் கெமி என்று ஒரு பெண். அவர்கள் சமையலறை ஜன்னலும் எங்கள் வாசலும் நேருக்கு நேர். அந்த அம்மா தலையில் எப்போதும் வண்ணத் துணி கட்டியிருப்பார். அது அவர்கள் ஊர் ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருட நோன்பில் தட்டை எடுத்துக்கொண்டு புறப்படும்போது நஸ்ரீன் கேட்டாள்: "வாட் அபௌட் கெமி'ஸ் ஹவுஸ்?"

நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். "அவங்கள்ட்ட யாரு வந்து விசாரிக்கப் போறா?"

மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். நஸ்ரீனுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

3

குருவிக்கு வருகிறேன்.

எதிர் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டேன். "கார்டினலாக இருக்கும்," என்றார் திரும்பிக்கூடப் பார்க்காமல். கார்டினல் எனக்குத் தெரியாதா? அது முழுச் சிவப்பு, தலையில் கொண்டை, மைனா அளவு இருக்கும். அதற்காகத்தான் குளிர்காலத்தில் கொல்லையில் தினை போட்டு வைப்பேன். தினைக்குக் கார்டினலைவிட அதிகமாகப் பழுப்புக் குருவிகள்தான் கூட்டமாக வரும். பார்க்க ஊர்ச் சிட்டுக்குருவி மாதிரி, முதுகில் கோடு கோடாக. "ஓசிச் சோத்துக்கு வந்திருக்குதுங்க பாரு!" என்று கையைத் தட்டி விரட்டுவேன். போன குளிர்காலம் முழுக்க எனக்கு அதே வேலை.

லைப்ரரியில் அமெரிக்கப் பறவைகள் என்று தடியாக ஒரு புத்தகம் எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். இல்லை. இந்த நாட்டுப் புத்தகத்தில் அதற்கு இடமே இல்லை. "மச்சான், நம்மள மாதிரிதான், இதுக்கும் கிரீன் கார்டு வரல," என்றேன்.

டிஜிட்டல் கேமராவை வேலியில் ஊன்றி வைத்து ஒரு வாரம் மல்லுக்கட்டி ஒரு தெளிவான படம் எடுத்தேன். நஸ்ரீன் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "கெமி ஸா இட் டூ. ஃப்ரம் ஹெர் விண்டோ," என்றாள். "அப்படியா," என்று சொல்லிவிட்டு நான் படத்தைப் பெரிதாக்கினேன்.

கடைசியில் கூண்டுப் பறவை விற்பவர்களின் இணையப் பக்கம் ஒன்றில் அது கிடைத்தது. ஆரஞ்சு பிஷப். ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பறவை. நம்மூர்த் தூக்கணாங்குருவிக்குச் சொந்தம். யாரோ கூண்டில் வளர்க்கக் கொண்டுவந்து, தப்பியோ விட்டோ, ஹூஸ்டன் பக்கம் ஈரப் புல்லாகப் பார்த்துக் குடியேறிவிட்டது. ஆண்தான் கூடு பின்னும். ஒரே ஆணுக்கு இரண்டு மூன்று பெட்டைகள், ஒவ்வொன்றுக்கும் புல்லுக்குள் பந்து மாதிரி ஒரு கூடு, பக்கவாட்டில் வாசல். உப்பிக்கொண்டு கருவண்டு மாதிரிப் பறந்தது பெட்டையைக் கவரவும் பக்கத்து ஆணை மிரட்டவும். தின்பது புல் விதை, தினை.

படிக்கப் படிக்க சந்தோஷம் தாங்கவில்லை. பி.எஸ்ஸி. விலங்கியல் இருபது வருடம் கழித்து ஒரு தடவை உதவியிருக்கிறது. அப்புறம் கீழே இருந்ததைப் படித்தேன். இந்த நிறமெல்லாம் கூடு கட்டும் காலத்துக்கு மட்டும்தான். மற்ற மாதங்களில் ஆணும் பெட்டையைப் போலவே, முதுகில் கோடு போட்ட சாதாரணப் பழுப்புக் குருவியாக ஆகிவிடும். சிட்டுக்குருவி என்று பலர் ஏமாந்துபோவார்கள் என்று எழுதியிருந்தது.

நான் தினையிலிருந்து கை தட்டி விரட்டினேனே, அவைதான். கோடையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தவம் கிடந்தது எதற்காகவோ அதைத்தான் குளிரில் ஓசிச் சோறு என்று துரத்தியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் குருவிதானே, சிரித்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு வேலை செய்தேன். என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை. ஆப்பிரிக்கக் குருவி, பக்கத்து வீட்டில் ஆப்பிரிக்கர்கள், அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று படத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் மணியை அடித்தேன். அவர்கள் வந்த மூன்று வருடத்தில் அந்த மணியை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அது நோன்பின் முதல் வாரம்.

கெமியின் அம்மா கதவைத் திறந்தார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதில் விழுந்த மாதிரித் தமிழில் எழுதுகிறேன்.

"நஸ்ரீன் அம்மாவா? வாங்க, வாங்க."

"உங்க பேரு எனக்கு..." என்று இழுத்தேன். வெட்கம், பெயர்கூடத் தெரியாது.

"கெமி அம்மான்னே கூப்பிடுங்க. எங்க ஊர்ல பிள்ளை பேரைச் சொல்லித்தான் அம்மாவைக் கூப்பிடுவாங்க."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்," என்றேன். படத்தை நீட்டினேன். "இது உங்க ஊர்ப் பறவை. உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அம்மா, நான் லாகோஸ்காரி. மூணாவது மாடி ஃபிளாட். எங்க ஜன்னல்ல தெரிஞ்சது பக்கத்து வீட்டு ஜெனரேட்டர். பார்மசி படிச்சேன், குருவி படிக்கல. நீங்க இந்தியால்ல, பாம்பு பிடிப்பீங்களா?"

நானும் சிரித்தேன். என்ன செய்ய. மாட்டிக்கொண்ட சிரிப்பு.

"ஆனா அழகு," என்றார் படத்தைத் திருப்பித் தராமல். "எங்க ஜன்னல்ல இருந்து நானும் பார்த்தேன். என்னன்னு தெரியாம இருந்துச்சு. நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா? கெட்டிக்காரிதான்." அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "ஏதாவது குடிக்கக் கொடுக்கணும். ஆனா நீங்களும் நோன்புதானே."

நீங்களும்.

அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிய நோன்பு நேர அட்டவணை. எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கும் அதே மாதிரி, வேறொரு பள்ளிவாசலுடையது. சுவரில் சட்டம் போட்ட குர்ஆன் வசனம், ஆயத்துல் குர்ஸி. தலையில் அந்த வண்ணத் துணி. ஃபேஷன்! ஐந்து வேளை தொழுகிற ஒருத்தி முக்காட்டோடு நின்றிருந்தார், வெறுந்தலையோடு போய் நின்ற நான் அவரிடம் குருவி விசாரித்துக்கொண்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போல இருந்தது.

4

நஸ்ரீன் ஸ்கூலிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, அவங்க நம்ம ஆளுகன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"யூ நெவர் ஆஸ்க்ட்."

"மூணு வருஷமா? கெமியும் நீயும் ஒண்ணாவா நோன்பு வைக்கிறீங்க?"

லஞ்ச் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் சாப்பிடும்போது இவர்கள் இரண்டு பேரும் லைப்ரரியில் உட்கார்ந்து படிப்பார்களாம். முதல் வருடத்திலிருந்தே. என் மகளின் நோன்புத் துணை யார் என்று எனக்குத் தெரியாமலே அவள் மூன்று ரமலானைக் கடந்திருக்கிறாள்.

"அப்ப சொல்லியிருக்கலாம்ல? நம்ம ஆளுகன்னு தெரிஞ்சா நான் கொடுத்திருக்க மாட்டேனா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்த்து, சுத்தமான தமிழில், என் இழுவை மாறாமல், என் குரலிலேயே சொன்னாள்: "அவங்கள்ட்ட யாரு வந்து விசாரிக்கப் போறா?"

எத்தனை வருடமாக இந்தப் பிள்ளை தமிழ் பேச வேண்டும் என்று தவித்திருக்கிறேன். கேசட் வாங்கினேன், சண்டே ஸ்கூலில் சேர்த்தேன். அவள் வாயிலிருந்து உருப்படியாக வந்த முதல் முழு வாக்கியம் இதுதான்.

மச்சான் வந்ததும் சொன்னேன். "சரி, நாளைக்கே கொண்டுபோய்க் கொடு. இதுல என்ன இருக்கு," என்றார். ஆண்களுக்கு எல்லாமே இதுல என்ன இருக்குதான்.

"நோ. ப்ளீஸ் டோன்ட்," என்றாள் நஸ்ரீன்.

"ஏன்?"

மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக வந்தது. முதல் வருடமே கெமி கேட்டிருக்கிறாள். தட்டு எல்லா வீட்டுக்கும் போவது அவர்கள் ஜன்னலில் தெரியும், எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று. இவள் என்ன சொன்னாள் தெரியுமா? எங்கள் உம்மா போடுவது சூப்பர் மார்க்கெட் கறி, ஹலால் இல்லை, அதனால்தான் முஸ்லிம் வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

நான் கத்தினேன். "நாம ஹராம் திங்கிறோம்னா சொன்னே? ஹில்கிராஃப்ட் வரைக்கும் போய் வாங்கிட்டு வர்றேனே, அந்தப் பேரையா எனக்கு வாங்கிக் கொடுத்தே?"

"வாட் எல்ஸ் குட் ஐ ஸே, உம்மா?" அழுதாள். "உண்மையச் சொல்லணுமா?"

அன்று பதிமூன்று வயதாக இருந்த பிள்ளை இரண்டையும் எடைபோட்டுப் பார்த்திருக்கிறாள். என் உம்மா ஹராம் தின்பவள் என்று சொல்லிக்கொள்வது, என் உம்மா எப்படிப்பட்டவள் என்று சொல்வதைவிட அவளுக்கு மேலாகத் தெரிந்திருக்கிறது.

5

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி காய்ச்சினேன். இருப்பதில் நல்ல சட்டியாக, ஊரிலிருந்து கொண்டுவந்த மூடி போட்ட எவர்சில்வர் சட்டியில் ஊற்றினேன். பழைய முக்காட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். நஸ்ரீன் வர மாட்டேன் என்றாள், அப்புறம் பின்னாலேயே வந்தாள்.

கெமி அம்மா கதவைத் திறந்தார். சட்டியைப் பார்த்தார், மணத்தை இழுத்தார், கண் விரிந்தது. ஆனால் கையை நீட்டவில்லை. மிகவும் தயங்கி, என் மனம் நோகக் கூடாதே என்று குரலைத் தணித்துக் கேட்டார்:

"தப்பா நினைக்காதீங்க. கறி... ஹலாலா?"

அவருக்குப் பின்னால் கெமி. எனக்குப் பின்னால் நஸ்ரீன். எப்போதுமே ஹலால்தான் என்று சொன்னால் அவள் பொய்க்காரி, நான் யார் என்பதும் வெளியே வரும். ஒரு நொடிதான்.

"இந்தத் தடவை ஹலால்," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கறிக்காக இல்லை அந்தச் சந்தோஷம், வழி தவறிய ஒருத்தி திரும்பிவிட்டாள் என்ற சந்தோஷம்.

வாசலிலிருந்து இறங்கும்போது நஸ்ரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ், உம்மா." அன்று இரவு முழுக்க நான் ஏதோ தியாகம் செய்தவளைப் போல நடமாடினேன். பிள்ளைக்காக என் பெயரையே கொடுத்துவிட்டேனாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நான் கஞ்சியில் மறைத்தேன். என் மகளைவிட அந்தப் பொய் எனக்குத்தான் வசதி என்பது அடுத்த நாள்தான் உறைத்தது.

அடுத்த நாள் சட்டி திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் வடை! காராமணிப் பருப்பை அரைத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பொரித்தது. அகாரா என்று பெயராம். அவர்கள் ஊரிலும் நோன்பு திறக்கச் சோளக் கஞ்சியும் இந்த வடையும்தானாம்.

"வெறும் சட்டியைத் திருப்பித் தரக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்வாங்க," என்றார் கெமி அம்மா.

"எங்க உம்மாவும்," என்றேன்.

அதிலிருந்து தினமும் ஏதாவது போகும், வரும். வேலியோரம் நின்று பேசுவோம். "உங்க பிஷப் எப்படி இருக்காரு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒரு ஆணுக்குப் பல பெட்டை என்று நான் சொன்னதும் "எங்க மாமனாருக்கு மூணு. ஆனா அவரு ஒரு கூடுகூடப் பின்னினதில்லை," என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு இப்படிச் சிரிக்க ஒரு ஆள் கிடைத்தது இப்போதுதான். மூன்று வருடமாக வேலிக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறார்.

6

போன சனிக்கிழமை காலையில் அவர் கார் சாவியோடு வந்தார். "கிளம்புங்க. ஹலால் கறி எங்க கிடைக்கும்னு காட்டுறேன். தூரம்னு பார்க்காதீங்க, ஒருதடவை போய்ட்டா பழகிடும். கஷ்டமா இருந்தா நானே வாராவாரம் வாங்கிட்டு வந்து தர்றேன்."

என்ன சொல்லித் தப்பிப்பது? தலைவலி என்றேன். "நானே பார்மசிஸ்ட்," என்றார். ஏறி உட்கார்ந்தேன். ஃப்ரீவே முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். முதலில் அவரும் அப்படித்தானாம். அமெரிக்கா வந்த புதிதில் கிடைத்ததைச் சாப்பிட்டாராம். யாரும் குற்றம் சொல்லவில்லை, ஒரு சூடான் பெண்மணி மெதுவாகக் கடையைக் காட்டிக் கொடுத்தாராம். "அதனால நீங்க வெட்கப்படாதீங்க," என்றார். என் தொடையைத் தட்டினார்.

ஹில்கிராஃப்டில் எத்தனையோ கறிக்கடை. அவர் வண்டியை நிறுத்தியது நான் வருடக்கணக்காக வாங்கும் கடை வாசலில். நான் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போனேன். கறி வெட்டுபவர் ஹைதராபாத்காரர். எனக்கு உருது வராது என்று தெரிந்ததிலிருந்து என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். கத்தியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சிஸ்டர்! இந்த வாரம் ஏன் லேட்? கஞ்சிக்குத்தானே, எப்பவும் போலப் பொடியாக் கொத்தி? சார் வரலையா?" அப்புறம் கெமி அம்மாவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்: "எங்க பழைய கஸ்டமர். அக்கம்பக்கம் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்குறவங்க. ரொம்ப நல்ல மனசு."

கெமி அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கறியைச் சொன்னார், வாங்கினார், எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

காரில் ஏறினோம். சிக்னலில் நின்றபோது கேட்டார்.

"அப்ப எப்பவுமே ஹலால்தான்."

"ஆமா."

"குஜராத்தி வீட்டுக்குத் தனிச் சட்டின்னு கெமி சொன்னா. அதுவும் உண்மையா?"

"ஆமா."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இங்கே காலை மிதித்தாலும் சொல்வது, காபி சிந்தினாலும் சொல்வது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அவர் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார். கோபமில்லை. களைத்துப்போன குரல்.

"காரணம் கறியாவே இருந்திருக்கலாம்," என்றார்.

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தார். அன்று அவர் குருவியைப் பற்றிக் கேட்கவில்லை.

கிரீன் கார்டுக்காக இன்றுவரை யாரும் வந்து எந்த வீட்டு மணியையும் அடிக்கவில்லை, காக்கா. வந்தால் கேட்கட்டும். இந்தத் தெருவில் என்னைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார்.

குளத்துப் புல்லில் ஆணுக்கு நிறம் கலைய ஆரம்பித்துவிட்டது. தலையில் திட்டுத்திட்டாகப் பழுப்பு. இன்னும் கொஞ்ச நாளில் எது அது என்று எனக்கே அடையாளம் தெரியாது. தினையை இப்போதே போட்டு வைத்துவிட்டேன், கை தட்டுவதில்லை. நஸ்ரீன் கெமியோடு பஸ்ஸுக்கு ஒன்றாகப் போகிறாளா என்று ஜன்னலில் பார்க்கிறேன். போகிறாள். ஆனால் இடையில் ஒரு பை வைக்கும் இடம் விட்டு நடக்கிறார்கள்.

நேற்றும் கஞ்சி காய்ச்சி அதே சட்டியில் கொண்டுபோனேன். கதவைத் திறந்தார், சலாம் சொன்னார், வாங்கிக்கொண்டார். இன்று காலை சட்டி எங்கள் வாசலில் இருந்தது. சோப்புப் போட்டு, துடைத்து, பளபளவென்று. மூடியைத் திறந்து பார்த்தேன். வெறும் சட்டி.